பீடோங்கில் குடிக்காமல் கூட்டாளி பிடிப்பது எப்படி?

விசா சமாச்சாரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மலேசியாவில் வெளிநாட்டு மாணவர் விசாவைக் கவனிக்கும் அமைப்பு இஎம்ஜிஎஸ், அதன் அனுமதிக் கடிதம் கைக்கு வராமல் விமானம் ஏறாதீர்கள். வந்து 7 நாளுக்குள் மருத்துவப் பரிசோதனை. மற்றதெல்லாம் கல்லூரியில் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் சொல்கிறபடி. அப்புறம் மூன்று சொற்கள்: ரிங்கிட்டை இங்கே நம்மவர்கள் வெள்ளி என்பார்கள், கார் என்றால் காடி, நண்பன் என்றால் கூட்டாளி. என் இழவுக் கதையில் மூன்றும் வரும்.

பீடோங், கெடா மாநிலத்தில் சுங்கைப் பட்டாணிக்கு வடக்கே இருக்கிற சின்னத் தோட்டத்து ஊர். ஒரு காலத்தில் கித்தா காடு, அதாவது ரப்பர், இப்போது திரும்பிய பக்கமெல்லாம் செம்பனை. இரவு எட்டு மணிக்கு மேல் மாணவனுக்குப் போக்கிடம் இரண்டுதான். ஒன்று மாமாக் கடை, அதாவது இந்திய முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை, இன்னொன்று யாராவது பீர் வாங்கி வைத்திருக்கும் வாடகை வீடு.

வந்த முதல் வெள்ளிக்கிழமை சீனியர்கள் அந்த வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். "என்ன அடிக்கிற?" என்றார் ஒருவர். "மாத்திரை சாப்பிட்டுட்டிருக்கேண்ணே" என்றேன். அடுத்த வாரம் புரட்டாசி விரதம். மூன்றாவது வாரம் சொல்லக் காரணம் ஏதும் மிச்சமில்லாமல் விழித்தபோது அவரே வழி சொன்னார்: "அடிக்கலனா பரவால்ல லா, நீ காடி ஓட்டு."

அதில் எனக்குப் பெருமை வேறு! ஊரிலிருந்து எடுத்துவந்த சர்வதேச உரிமம் பையில் இருந்ததா, கூட்டத்தில் நமக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். 2020இல் இந்த நாட்டில் குடித்துவிட்டு ஓட்டுவதற்கான சட்டத்தைக் கடுமையாக்கிவிட்டார்கள். 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் போனால் வழக்கு. அதனால் குடிக்காத ஒருவனுக்கு இங்கே ஏக கிராக்கி. அதை நட்பு என்று எடுத்துக்கொண்டது என் முட்டாள்தனம்.

மைவி காடி ஒன்றை என் பெயரில் வாடகைக்கு எடுத்தேன், 200 வெள்ளி முன்பணம். ஐந்து பேராகப் பக்கத்துப் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த் நகருக்குப் போனோம். திரும்புகிற வழியில் பின்சீட்டில் ஒருவன் வாந்தி எடுத்தான். விடிகாலை விடுதி வாசலில் தனியாக உட்கார்ந்து, எலுமிச்சையும் சோப்புத்தூளும் போட்டுப் பல் விளக்கும் பிரஷால் சீட்டின் தையலுக்குள் தேய்த்தேன். மற்ற நால்வரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். காடிக்காரர் கதவைத் திறந்து ஒருமுறை மூச்சிழுத்தார், மூடினார். "வாசம் போகாது தம்பி. முன்பணம் மறந்துடு."

அன்று மாலை வாட்ஸப்பில் கணக்கு வந்தது: தலைக்கு 87 வெள்ளி. நான் குடித்தது இரண்டு லிமாவ் ஐஸ், வெறும் எலுமிச்சைச் சாறு. இந்த நாட்டில் பீருக்கு வரி எக்கச்சக்கம், அதை நானும் சேர்ந்து கட்டினேன். முன்பணத்தில் பங்கு கேட்டால், "உன் பேர்லதானே எடுத்த?" 1025இல் ராஜேந்திர சோழன் கப்பலேறி வந்து வென்றானே கடாரம், அது இந்தக் கெடாதான். அவன் அள்ளிக்கொண்டு போனான், நான் 287 வெள்ளி வைத்துவிட்டு வந்தேன்.

ஆகவே தம்பி, முதல் நாளே "நான் குடிக்கிறதில்ல" என்று சொல்லிவிடு. காரணம் சொல்லாதே. காரணம் சொன்னால் அது தீருகிற தேதியைக் கேட்பார்கள். இத்தனைக்கும் இங்கே பெரும்பான்மை முஸ்லிம்கள், குடிக்காதவன் யாருக்கும் அதிசயம் இல்லை. என் வகுப்பு மலாய்ப் பையன்கள் ஒருவரும் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்டதெல்லாம் நம்மவர்கள்தான், அதுதான் எரிச்சல். 2017 டிசம்பரிலிருந்து 21 வயது ஆகாதவருக்கு மது விற்கவே கூடாது என்பதும் இந்த நம்மவர்களுக்குத் தெரியும்.

ஒரு நாள் தேநீர்க் கடையில் ஒரு தாத்தா, தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்ந்தவர், என் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நீ என்ன புதுசாவா செய்யிற? எங்கப்பா 47ல கள்ளுக்கடை மறியல்ல நின்னவரு." அவர் சொல்லித்தான் தேடிப் படித்தேன். தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடை இருந்த காலம் அது. கூலி வாங்கிய கையோடு பாதி அங்கேயே போய்விடும். ஹார்வார்ட் தோட்டத்து ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை கிளம்பிக் கடைகளை மறித்தது. 1947இல் இதே பீடோங்கில் போலீசோடு மோதல், ஒரு தொழிலாளியின் உயிரும் போனது. அந்த ஊரில் நின்றுகொண்டு நான் மாத்திரை என்று பொய் சொல்லியிருக்கிறேன்.

கூட்டாளிகள் எனக்குக் கிடைத்தது மாமாக் கடையில், பந்தாட்டம் ஓடும் இரவுகளில். ஒரு தே தாரேக்கை, அதாவது ஆற்றிய பால் தேநீரை, வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்காரலாம், யாரும் எழுப்பமாட்டார்கள். அப்புறம் கோயிலில் உருமி மேளப் பயிற்சி. முதல் வாரம் தோள்பட்டையில் வார் அழுத்தி நீலம் பாய்ந்துவிட்டது, அதைப் பார்த்துத்தான் பேச்சே கொடுத்தார்கள். அங்கேயும் ஓரிருவர் மறைவாகக் குடிக்கப் போய்விட்டு வருவார்கள், கண்டுகொள்ளாதே. 1,217 மீட்டர் ஜெராய் மலைக்கு மலாய்ப் பையன்கள் கூப்பிட்டால் முனகாமல் ஏறு. தங்கைகளுக்கு என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான்: யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி ஞாயிறுதோறும் புட்டு அவிக்கிறாள். தேங்காய்ச் சம்பலைப் பார்த்து பெலாச்சான் என்கிற இறால் விழுது எங்கே என்று கேட்டவர்கள்தான் இன்று எட்டுப் பேராக வந்து உட்காருகிறார்கள். எனக்கு அந்தப் புட்டு வாசத்தில் அம்மா ஞாபகம் வந்து, கை கழுவுகிற சாக்கில் வெளியே போய்விட்டேன்.

அந்த நால்வரில் ஒருவன் போன மாதத்திலிருந்து உருமிக்கு வருகிறான். வாந்தி எடுத்தவன்தான். முன்பணத்தில் அவன் பங்கு 40 வெள்ளியை ஐந்தும் ஒன்றுமாக எண்ணிக் கொடுத்தான்.