பத்தியக்காரர்கள் ஸ்பெயின் பாரில் சாப்பிடுவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

“பாருக்கா போறீங்க, ரெண்டு பேரும்?” என்று அம்மா வாட்ஸ்அப்பில் கேட்டபோது நானும் தங்கையும் செவில் நகரில் ஒரு பார் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தோம். உள்ளே ஒரு பாட்டி பேரனுக்கு ஆரஞ்சு ஜூஸ் வாங்கிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நம்மூரில் பார் என்றால் டாஸ்மாக்கை ஒட்டிய கொட்டகைதான் நினைவுக்கு வரும். ஸ்பெயினில் அதுவே காலையில் காபிக்கடை, மதியம் மெஸ், சாயங்காலம் ஊர்த் திண்ணை. குடிக்காதவர்கள் கூச்சப்படாமல் உள்ளே போகலாம்.

எங்கள் பத்தியம் இதுதான். நான் முட்டைகூடத் தொடாத சைவம். பால், தயிர் உண்டு. தங்கைக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் துளி உள்ளே போனாலும் அவள் உடம்பே அவள் சிறுகுடலைத் தாக்கும். கடைப் பெருங்காயத்தூளில் மைதா கலந்திருக்கிறது என்பதைப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துக் கண்டுபிடித்த குடும்பம் நாங்கள்.

இரண்டு வாரம் சுற்றியதில் ஒன்று தெரிந்தது. பத்தியக்காரர்களுக்கு மேஜையைவிட கவுண்டரே மேல். மேஜையில் உட்கார்ந்தால் நாம் சொன்னது சமையலறைக்குள் போய் என்ன ஆகிறது என்று தெரியாது. ‘பார்ரா’ என்று அவர்கள் சொல்லும் கவுண்டரிலோ பரிமாறுகிறவர் இரண்டடி தள்ளி நிற்கிறார், பாதிப் பண்டம் கண்ணாடிப் பெட்டியில் கண்முன்னே இருக்கிறது. ஒவ்வொரு தட்டாகச் சொல்லலாம். முதல் தட்டு சரியில்லை என்றால் காசு கொடுத்துவிட்டு எழுந்துவிடலாம்.

படி 1: சீட்டு எழுதுங்கள்

‘வெஜிடேரியன்’ என்ற சொல்லை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஸ்பெயின் கடைகளில் ‘வெஹெதால்’ என்று ஒரு சாண்ட்விச் உண்டு. பெயருக்கு அர்த்தம் ‘காய்கறி’. உள்ளே தக்காளி, லெட்யூஸ் கூடவே சூரை மீனும் அவித்த முட்டையும் இருப்பது அங்கே சகஜம். அதேபோல ‘கார்னே’, அதாவது இறைச்சி, சாப்பிடமாட்டேன் என்று மட்டும் சொன்னால் பலருக்கு அதில் பன்றித் தொடைக்கறியான ‘ஹாமோன்’ சேராது. அது அவர்களுக்குக் கிட்டத்தட்ட நம் பெருங்காயம் மாதிரி, எதிலும் ஒரு சிட்டிகை.

அதனால் என்னென்ன சாப்பிடமாட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள். என் சீட்டு இப்படி இருந்தது: “நோ கோமோ கார்னே, நி ஹாமோன், நி பெஸ்காதோ, நி மாரிஸ்கோ, நி வேவோ.” இறைச்சி, ஹாம், மீன், இறால் நண்டு வகை, முட்டை எதுவும் சாப்பிடமாட்டேன் என்று பொருள். எலும்பு வேகவைத்த சாறு ‘கால்தோ’, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தங்கையின் சீட்டில் முதல் வரி “சோய் செலியாக்கா”. இந்தச் சொல் ஸ்பெயினில் நன்றாகப் பழகிய சொல். அவள் சொன்ன இடங்களில் பெரும்பாலும் மறுகேள்வி வரவில்லை, நேராகப் பட்டியலை எடுத்தார்கள். சைவம்தான் அங்கே விளக்கம் தேவைப்படும் விஷயம்!

சீட்டை ஸ்பானிய எழுத்தில், பெரிய எழுத்தாகக் காகிதத்தில் அச்சடித்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு போனில் சார்ஜ் இருக்காது. எண்ணெய்க் கையோடு யாரும் உங்கள் போனை வாங்கவும் மாட்டார்கள்.

வாயால் கேட்க ஒரே ஒரு கேள்வி போதும்: “யேவா…?” ‘இதுல … இருக்கா?’ என்று அர்த்தம். “யேவா வேவோ?” முட்டை இருக்கா? “யேவா பான்?” ரொட்டி இருக்கா? வேண்டாம் என்பதற்கு ‘சின்’. “சின் ஹாமோன்” என்றால் ஹாம் இல்லாமல்.

படி 2: கூட்டத்துக்கு முன்னால் போங்கள்

மதியச் சாப்பாடு அங்கே ஒன்றரை, இரண்டு மணிக்குத்தான் சூடுபிடிக்கும். இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு. நடுவில் பார் திறந்திருந்தாலும் பல இடங்களில் சமையலறை மூடியிருக்கும். மதியம் ஒரு மணி, இரவு எட்டு, எட்டரை என்று முன்கூட்டியே போய்விட்டால் கவுண்டரில் ஆளிருக்காது, நம் சீட்டைப் படிக்க அவருக்கு அரை நிமிடம் இருக்கும். பத்து மணிக்குப் போய் மூன்று வரிசை ஆட்களின் தோளுக்கு மேலாக ‘முட்டை இருக்கா’ என்று கத்தினால் யாரும் காது கொடுத்துக் கேட்கமாட்டார்கள்.

படி 3: எந்த முனையில் நிற்பது

சமையலறை வாசல் தெரிகிற முனை. காலி கிளாஸ் வந்து குவிகிற முனை வேண்டாம். வரிசை, டோக்கன் எதுவும் கிடையாது. கண்ணைப் பார்த்து “ஓலா” சொன்னால் உங்கள் முறை அவர் மனதில் பதிந்துவிடும்.

படி 4: முதலில் குடிக்க ஏதாவது, அதோடு ஒரு எச்சரிக்கை

உட்கார்ந்ததும் பானம்தான் கேட்பார்கள். மது வேண்டாம் என்றால் ‘மோஸ்தோ’ கேளுங்கள். புளிக்காத திராட்சைச் சாறு, ஐஸ் போட்டு வரும். ஆல்கஹால் இல்லாத பீரும் எல்லா இடத்திலும் கிடைக்கும். ஆனால் அது பார்லியில் செய்தது, சீலியாக்காரர்கள் ‘சின் குளூட்டன்’ என்று தனியாக எழுதியிருக்கிற பாட்டிலைத்தான் வாங்க வேண்டும். வெறும் தண்ணீர் போதுமென்றால் “ஆகுவா தெல் கிரிஃபோ”, குழாய்த் தண்ணீர். 2022-ல் வந்த சட்டப்படி அதை இலவசமாகத் தரவேண்டும்.

எச்சரிக்கை கிரனாடா நகரத்துக்கு. அங்கே ஒரு பானம் சொன்னால் கூடவே ஒரு சின்னத் தட்டு பண்டம், ‘தபா’, கேட்காமலே இலவசமாக வரும். அல்மெரியா, ஹாயென், லெயோன் பக்கமும் இந்த வழக்கம் உண்டு. என்ன வரும் என்பது பெரும்பாலும் கடைக்காரர் விருப்பம்.

முதல் நாள் எனக்குத் தெரியாது. மோஸ்தோ வந்தது, பின்னாலேயே ஆவி பறக்க ஒரு கிண்ணம் பன்றிக்கறிக் குழம்பு. நான் அதை மெதுவாக நகர்த்தி வைத்தேன். கொண்டுவந்தவர் கிண்ணத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், எடுத்துக்கொண்டு போனார். கல்யாண வீட்டில் இலையை மூடிவிட்டு எழுந்த மாதிரி எனக்கு ஒரு கூச்சம். அடுத்த கடையில் பானத்தின் பெயருக்கு முன்னாலேயே சீட்டை நீட்டினேன். ஆலிவும் பாலாடைக்கட்டியும் வந்தன, கேட்காமலே தங்கைக்கு ரொட்டி இல்லாமல். ஆகவே கிரனாடாவில் வரிசை முக்கியம்: முதலில் சீட்டு, பிறகுதான் பானம்.

படி 5: கவுண்டரைப் படியுங்கள்

நம் கண்ணுக்குச் சைவமாகத் தெரிகிற பல பண்டங்கள் அங்கே சைவம் இல்லை. ஆலிவில்கூட நடுவில் நெத்திலி அடைத்து விற்கிறார்கள். கலவை சாலட் என்றால் மேலே சூரை மீன் வந்து உட்காரும். ‘கிரோகெத்தா’ நம் கட்லெட் போல இருக்கும். உள்ளே வெள்ளைச் சாஸும் ஹாமும். பீன்ஸ், ஆர்ட்டிசோக், அவரைக்கொட்டை எல்லாமே ஹாமோடு வதக்கி வரும். உருளைக்கிழங்கு ‘தோர்த்தியா’ முழுக்க முட்டை. எனக்கு ஆகாது, ஆனால் முட்டை சாப்பிடுகிற சைவக்காரர்களுக்கும் சீலியாக்காரர்களுக்கும் அந்த ஊரில் அதுதான் கைகொடுக்கும். தங்கை தினமும் அதையே தின்றாள்.

எனக்குக் கைகொடுத்தது செவிலின் ‘எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ்’. பசலைக்கீரையும் கொண்டைக்கடலையும். முதல் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகும்போதே சீரக வாசனை. பூண்டு, மிளகாய்த்தூள், கொஞ்சம் வினிகர். நம் வீட்டுக் கீரைக் கூட்டுக்கு ஒன்றுவிட்ட சித்தி பெண் மாதிரி இருந்தது. தங்கையும் ஆசையாகக் கரண்டியை எடுத்தாள். “இரு” என்று சொல்லிவிட்டு “யேவா பான்?” என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு விரலைக் காட்டிவிட்டு உள்ளே போய்வந்தார். “சீ. பான் ஃபிரிதோ.” ஆமாம், பொரித்த ரொட்டியை அரைத்துவிட்டுத்தான் குழம்பைக் கெட்டியாக்குகிறார்கள். நாம் தேங்காய் அரைத்து விடுவதுபோல. பார்த்தால் தெரியவே தெரியாது. குளிர்ந்த தக்காளிச் சூப்பான கஸ்பாச்சோவிலும் ரொட்டி அரைப்பதுண்டு. அதன் கெட்டி வடிவமான சல்மோரேஹோவில் ரொட்டி இன்னும் அதிகம், மேலே முட்டையும் ஹாமும் தூவல்.

அந்த ஒற்றை விரலைக் கவனியுங்கள். கேள்வி முடிவதற்குள் “நோ, நோ, ஒன்றும் இல்லை” என்கிறவரைவிட, “இருங்கள், கேட்டுவருகிறேன்” என்கிறவரை நான் நம்புவேன்.

காய் குழம்பு மாதிரியான ‘பிஸ்தோ’ நல்ல தேர்வு. மேலே பொரித்த முட்டை வைக்காமல் இருக்க “சின் வேவோ” சொல்லுங்கள். கத்தரியும் குடைமிளகாயும் சுட்டு எண்ணெய் ஊற்றித் தரும் ‘எஸ்கலிவாதா’ கதலோனியாப் பக்கம் கிடைக்கும்; மேலே நெத்திலி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகும். பாலாடைக்கட்டியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பாலைத் திரிக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பை நொதியைப் போடுவது அங்கே வழக்கம். அதுவும் ஆகாது என்கிறவர்கள் எக்ஸ்திரமதுரா பகுதியின் ‘தோர்த்தா தெல் காசார்’ கேளுங்கள். ஒருவகை முள்செடியின் பூவைப் போட்டுத் திரித்த ஆட்டுப்பால் கட்டி அது, கரண்டியால் வழித்துச் சாப்பிடும் பதத்தில் இருக்கும்.

படி 6: எண்ணெய்ச் சட்டியைக் கேளுங்கள்

சைவமும் சீலியாக்கும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்வது இங்கேதான். கலீசியாவின் ‘பத்ரோன்’ குட்டிப் பச்சைமிளகாயை எண்ணெயில் பொரித்துக் கல்லுப்பு தூவித் தருவார்கள். சிலது காரும், சிலது காராது என்பது அந்த ஊர்ப் பேச்சு. மிளகாய், எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். ஆனால் அதே எண்ணெயில் சற்றுமுன் மாவில் புரட்டிய கணவாய் பொரிந்திருந்தால் எனக்கும் ஆகாது, அவளுக்கும் ஆகாது. “லா மிஸ்மா ஃபிரெய்தோரா?” அதே சட்டியா? கவுண்டரில் நின்றால் சில கடைகளில் கேட்கவே வேண்டாம், சட்டி ஒன்றா இரண்டா என்று எட்டிப் பார்த்தாலே தெரியும். காளான் சுடும் ‘பிளாஞ்சா’ தட்டைக் கல்லுக்கும் இதே கேள்விதான். இறால் அதில்தான் வேகும்.

மலகாவிலும் கோர்தோபாவிலும் பொரித்த கத்தரிக்காய் மேல் கருப்பாக ஒரு பாகு ஊற்றித் தருவார்கள். பெயரில் தேன் இருந்தாலும் அது கரும்புப் பாகு. கத்தரியை மாவில் புரட்டியிருப்பார்கள் என்பதால் தங்கைக்கு இல்லை. எனக்கு, சட்டி சரியாக இருந்தால், இரண்டு தட்டு.

படி 7: ஒவ்வாமைப் பட்டியலைக் கேட்கலாம், ஆனால் அதன் எல்லையைத் தெரிந்துகொண்டு

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் 13 முதல் 14 ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றி உணவகங்களும் சொல்லியாக வேண்டும். குளூட்டன் தானியங்கள், முட்டை, மீன், பால், வேர்க்கடலை, எள், கடுகு எல்லாம் அதில் வரும். ஸ்பெயினில் வாயால் சொன்னாலும் போதும், ஆனால் எழுத்தில் கடையில் இருக்கவேண்டும். “கார்த்தா தே அலெர்ஹெனோஸ்” என்றால் ஒரு ஃபைலை எடுத்துத் தருவார்கள்.

தங்கைக்கு அது பெரும்பாலும் பதில் சொல்லிவிடும், எண்ணெய்ச் சட்டிக் கேள்வி மட்டும் மிச்சம். எனக்குப் பாதிதான். முட்டைக்கும் மீனுக்கும் கட்டம் இருக்கும், பன்றிக்கு இருக்காது. இறைச்சி ஒவ்வாமைப் பட்டியலிலேயே இல்லை. எல்லாக் கட்டமும் காலியாக இருந்த ஒரு பருப்புச் சூப் ஹாம் எலும்பு போட்டு வெந்ததாக இருக்கலாம். பலகாரங்களில் பன்றிக்கொழுப்பான ‘மந்தேகா’வும் அப்படித்தான். மயோர்காவின் சுருள் ரொட்டி ‘என்சைமாதா’ அதன் பெயரையே அந்தக் கொழுப்பிலிருந்துதான் வாங்கியிருக்கிறது. சைவக்காரர்கள் பட்டியலைப் பார்த்த பிறகும் சீட்டை நீட்டுங்கள்.

படி 8: பாஸ்க் ஊருக்குப் போனால்

ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் பகுதியில் இருக்கும் சான் செபாஸ்டியனில் கவுண்டர் முழுக்க ரொட்டித் துண்டின்மேல் பல்குச்சி குத்திய பின்ச்சோக்கள் அடுக்கியிருக்கும். ஆலிவ், பச்சைமிளகாய், நெத்திலி சேர்த்துக் குத்திய ‘கில்டா’ தவிர மற்றவை பெரும்பாலும் ரொட்டிமேல்தான். ரொட்டித் துகள் எல்லாத் தட்டிலும் சிதறும், ஆகவே சீலியாக்காரர்கள் அடுக்கியதில் கை வைக்காதீர்கள். சுவரில் கரும்பலகை இருக்கும். அதிலிருக்கிற சூடான பண்டங்களை அப்போதே செய்து தருகிறார்கள், அதில் கேள்வி கேட்க இடமுண்டு. முட்டையில்லாச் சைவத்துக்கு அந்த ஊர் கஷ்டம்தான். நான் காளான் கிடைத்த கடையிலேயே இரண்டு நாள் நின்றேன்.

படி 9: காசு

கடைசியில்தான் கொடுக்க வேண்டும். “லா குவெந்தா, போர் ஃபவோர்.” பல இடங்களில் கவுண்டர் விலை குறைவு, வெளியே மேஜை போட்ட இடத்தில் கொஞ்சம் கூட.

செவிலின் பழைய பார்கள் சிலவற்றில் கணக்கைச் சாக்கட்டியால் நம் முன்னால் மரக் கவுண்டரிலேயே எழுதுகிறார்கள். எங்களுடையது நான்கு வரி. கூட்டிப்போட்டு, காசு வாங்கி, ஈரத்துணியால் அவர் துடைப்பதற்குள் தங்கை ஒரு போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பிவிட்டாள்.

பதில் உடனே வந்தது: “கூட்டல் சரியா பாத்தீங்களா?”