ஹீமோகுளோபின் 11 வந்தால் போதுமா? கர்ப்பகாலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கர்ப்பிணியின் ஹீமோகுளோபின் 11 கிராம் என்று ரிப்போர்ட் வந்ததும் வீடே நிம்மதியாகிவிடுகிறது. இரும்புச்சத்து மாத்திரை அலமாரிக்குப் போய்விடுகிறது. பிள்ளையின் மூளையைப் பொறுத்தவரை பெரிய தவறு இதுதான்.

கருவிலிருக்கும் பிள்ளைக்கு இரும்புச்சத்து தட்டுப்படும்போது, உடல் அதை முதலில் சிவப்பணுக்களுக்கே ஒதுக்குகிறது. மூளைக்குக் கிடைப்பது மிச்சம்தான். ஆகவே இரத்தச்சோகை வெளியே தெரியும் முன்பே மூளையில் பற்றாக்குறை தொடங்கிவிடக்கூடும். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஜார்ஜீஃப் குழுவினர் இதை நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் வேகமாக வளர்வதால், அடி முதலில் அங்கே விழுகிறது. நீரிழிவு உள்ள தாய்மார்களுக்குப் பிறந்த, இரும்புச்சத்து குறைந்த சிசுக்களின் மூளை அலைகளை அவர்கள் பதிவுசெய்தபோது, தாயின் குரலையும் அந்நியர் குரலையும் பிரித்தறிவதில் குறை தெரிந்தது. கருவிலேயே இரும்பு குறைந்த எலிக்குட்டிகளுக்கு, பிறந்தபின் இரும்பை ஈடுசெய்தபோதும் சில மாற்றங்கள் முழுதாகச் சரியாகவில்லை. தாயின் உடலில் இரும்புச் சேமிப்பு எவ்வளவு என்பதைச் சொல்வது ஃபெரிட்டின் பரிசோதனை. அது தேவையா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

மாத்திரையை விட்டுவிட்டு பீட்ரூட், மாதுளை, பேரீச்சம்பழத்தை நம்புவது அடுத்தது. நிறம் சிவப்பு என்பதால் இரத்தம் ஊறாது. மாதுளையில் உள்ள இரும்பு மிகச் சொற்பம். இந்தியாவில் அரசு வழிகாட்டுதல்படி, நான்காம் மாதத்திலிருந்து தினமும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ள மாத்திரையைக் குறைந்தது 180 நாள் எடுக்க வேண்டும். அந்த அளவைப் பழத்தால் எட்ட முடியாது. மாத்திரையை விழுங்கினால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும், பெரிதாகி சிசேரியன் ஆகிவிடும் என்பதெல்லாம் வெறும் பேச்சு. கறுப்பது மலம் மட்டும்தான், அது இயல்பு.

சரியாக விழுங்குபவர்களும் சேர்மானத்தில் கோட்டைவிடுகிறார்கள். கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே வேளையில் போட்டுக்கொண்டால் இரும்பு சரியாக உறிஞ்சப்படாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காபி, டீயும் அப்படியே. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ உதவும். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் நான்கு மணி நேரம் தள்ளியே இரும்பை எடுக்க வேண்டும். இதை மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

அயோடின் கதை வேறு. அங்கே தொடக்க மாதங்களே முக்கியம். கருவின் தைராய்டு நான்கைந்து மாதம் வரை போதிய ஹார்மோனைச் சுரக்காது. அதுவரை தாயின் ஹார்மோனை நம்பித்தான் மூளை வளர்கிறது. பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில், கர்ப்பத் தொடக்கத்தில் அயோடின் குறைந்திருந்தவர்களின் பிள்ளைகள் எட்டு வயதில் மொழித்திறன் சார்ந்த அறிவுத்திறனில் பின்தங்கியிருந்தார்கள். இந்த நேரத்தில்தான் 'இயற்கை' என்று இந்துப்புக்கு மாறுகிறோம்! இந்துப்பிலும் அயோடின் சேர்க்காத கல்லுப்பிலும் அயோடின் பெயரளவுக்கே உண்டு. அயோடின் கலந்த கல்லுப்பையும் கழுவினால், மேலே படிந்த அயோடின் தண்ணீரோடு போய்விடும். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்குத் தேவை 250 மைக்ரோகிராம். அதற்காகக் கடற்பாசி மாத்திரைகளை வாங்கி விழுங்கக் கூடாது. அளவு மிஞ்சினாலும் தைராய்டு கெடும்.

துத்தநாகமும் (ஜிங்க்) ஹிப்போகாம்பஸுக்கு வேண்டியதே. ஆனால் மருத்துவர் சொல்லாமல் அதிக அளவில் தனியாக எடுத்தால் தாமிரம் உடலில் சேர்வதைத் தடுக்கும்.

பிரசவத்தோடு மாத்திரையை நிறுத்துவதும் பரவலான தவறு. பிறகும் 180 நாள் தொடர வேண்டும்; இல்லாவிட்டால் அடுத்த கர்ப்பம் காலிச் சேமிப்போடு தொடங்கும். பிரசவ நேரத்தில், தாயும் சேயும் நலமாக இருந்தால் தொப்புள்கொடியை ஒன்று முதல் மூன்று நிமிடம் கழித்தே வெட்டச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தில் பிள்ளைக்குப் போய்ச்சேரும் இரத்தம் முதல் ஆறு மாதத்துக்கான இரும்புச் சேமிப்பைக் கூட்டும். இதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிரசவ அறையில் கேட்க நேரமிருக்காது.