நகராட்சி வண்டிகளின் டீசலையும் புகையையும் குறைக்க: லாக் புக்கிலிருந்து ஆரம்பிப்போம்

வாகனப் பிரிவுக் கோப்புகள் என் மேஜைக்கு வந்த முதல் வாரத்தில் ஒரு குப்பை லாரியின் லாக் புக்கைப் புரட்டினேன். தினமும் 20 லிட்டர், தினமும் 80 கிலோமீட்டர். மழை கொட்டிய நாளிலும் 80. தீபாவளிக்கு மறுநாள் ஊரே குப்பையாகக் கிடந்தபோதும் 80. மீட்டர் எப்போதோ நின்றுபோயிருந்தது. போட்ட டீசலை நாலால் பெருக்கிக் கிலோமீட்டராக எழுதி வந்திருக்கிறார்கள். கியர் பாக்ஸைப் பிரித்துப் போட்டு ஒர்க்‌ஷாப்பில் நின்ற நாளுக்கும் 80 இருந்தது. அது தனிக் கதை, விடுங்கள். அந்த வண்டி உண்மையில் எவ்வளவு குடிக்கிறது என்பது ஓட்டுகிறவர் உட்பட யாருக்கும் தெரியாது.

டீசலைக் குறைக்க வேண்டும், கார்பனைக் குறைக்க வேண்டும் என்றதும் எல்லோரும் பேட்டரி வண்டிக்குத் தாவுகிறார்கள். அதுவும் வேண்டும்தான், ஆனால் கொஞ்சம் பொறுங்கள். ஒரு சின்ன நகராட்சியோ பேரூராட்சியோ, உங்களிடம் ஒரு எக்செல் ஷீட்டும் காலையில் ஷெட்டுக்குப் போகும் பழக்கமும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

படி 1: வண்டிகளை எண்ணுங்கள்

சுலபம் என்று நினைப்பீர்கள். கம்பாக்டர் (குப்பையை அமுக்கி ஏற்றும் லாரி), குட்டி யானை, டிராக்டர், தண்ணீர் லாரி, கழிவுநீர் உறிஞ்சும் லாரி, ஜேசிபி, ஆணையர் ஜீப், கூடவே கொசு மருந்துப் புகை மெஷின். எல்லாம் ஒரே டீசல் கணக்கில்தான் வருகின்றன. வாடகை வண்டிகளையும் சேருங்கள். ஷெட் மூலையில் செடி முளைத்து நிற்பவற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் பதிவு ஆண்டு அவசியம். அது பின்னால் தேவைப்படும்.

படி 2: மீட்டரைச் சரி செய்யுங்கள்

இந்தத் திட்டத்தில் முதல் செலவு இதுதான். கிலோமீட்டர் மீட்டர் எல்லா வண்டியிலும் ஓட வேண்டும். நின்ற இடத்திலேயே வேலை செய்யும் ஜேசிபிக்கும் கம்பாக்டருக்கும், எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மணிக்கணக்கு மீட்டரும் வேண்டும். கம்பாக்டர் குப்பையை அமுக்கும் ஹைட்ராலிக் பம்ப் எஞ்சினிலிருந்துதான் சக்தி எடுக்கிறது. அதனால் வண்டி நகராமலே டீசல் போகும். இதைக் கிலோமீட்டரை மட்டும் வைத்து மதிப்பிட்டால் டிரைவர் மீது வீண்பழி விழும்.

அளக்கும் முறை: டேங்கை வாய் வரை நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஓடட்டும். அதே பெட்ரோல் பங்கில், வண்டியை அதே சமதளத்தில் நிறுத்தி மறுபடி வாய் வரை நிரப்புங்கள். இரண்டாவது முறை ஏறியதும், அந்த வாரம் நடுவில் ஊற்றியதும் சேர்ந்ததுதான் செலவு. குச்சி விட்டுப் பார்த்து ‘கால் டேங்க் இருக்கு’ என்று எழுதும் பழக்கம் அன்றோடு நிற்க வேண்டும்.

படி 3: லிட்டரைக் கார்பனாக மாற்றுங்கள்

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கரியமில வாயு வெளியே போகும். பெட்ரோலுக்குச் சுமார் 2.3 கிலோ. ஒரு லிட்டர் டீசலின் எடையே ஏறக்குறைய 830 கிராம்தானே, இரண்டரைக் கிலோவுக்கு மேல் எப்படி வரும் என்று எங்கள் மேலாளரே கேட்டார். டீசலில் இருக்கும் கரி, காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது. எடையில் பெரும்பங்கு அந்த ஆக்சிஜன்.

ஒரு மாதிரிக் கணக்கு. மாதம் 3,000 லிட்டர், லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செலவு 2,76,000 ரூபாய். வாயு 8,040 கிலோ, அதாவது மாதம் 8 டன். இதில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வருடத்துக்கு 3,31,200 ரூபாயும் ஒன்பதரை டன்னுக்கு மேல் வாயுவும் மிச்சம். நகர்மன்றத்தில் பேச இந்த இரண்டு வரி போதும்.

படி 4: சரியான அளவுகோல்

மைலேஜ் மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். காலியாக ஓடும் லாரிதான் நல்ல மைலேஜ் காட்டும்! ஊர்க் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டும் உரக்கிடங்கில் எடை மேடை இருந்தால் அந்த ரசீதுகளை வாங்கி, ஒரு டன் குப்பைக்கு எத்தனை லிட்டர் என்று பாருங்கள். தண்ணீர் லாரிக்கு ஒரு லோடுக்கு எத்தனை லிட்டர். அரை லோடோடு போய்வரும் மதிய நேர ட்ரிப் இதில்தான் மாட்டும்.

படி 5: ஒரு நாள் டிரைவர் பக்கத்தில் உட்காருங்கள்

ஷீட் சொல்லாததை லாரியின் முன் சீட் சொல்லும். நான் போன அன்று உரக்கிடங்கு வாசலில் எங்களுக்கு முன்னால் நாலு வண்டி. முக்கால் மணி நேரம் நின்றோம், எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. “அண்ணே, ஆஃப் பண்ணிடலாமே” என்றேன். “பண்ணிடலாம் சார், மறுபடி ஸ்டார்ட் பண்ண நீங்க இறங்கித் தள்ளுவீங்களா?” என்றார். பேட்டரி செத்து ஆறு மாதம் ஆகிவிட்டதாம். கேட்டு எழுதிய கடிதம் எங்கள் பிரிவிலேயேதான் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு பேட்டரி வாங்காததால் தினமும் டீசல் எரிந்தது.

எவ்வளவு எரிகிறது என்று நீங்களே அளக்கலாம். டேங்கை நிரப்பி, ஒரு மணி நேரம் நின்றபடி ஓடவிட்டு, மறுபடி நிரப்பிப் பாருங்கள். அந்த எண்ணை ஷெட் சுவரில் எழுதி வையுங்கள். டிரைவர்களைத் திட்டுவதைவிட அது நன்றாக வேலை செய்கிறது. அப்புறம், உரக்கிடங்குக்கு வண்டிகள் வரும் நேரத்தைப் பிரித்துக் கொடுங்கள், வரிசையே இருக்காது.

டயர் காற்றை வாரம் ஒருமுறை, காலையில் வண்டி கிளம்பும் முன் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடித் தெரியும். குப்பைத் தூசியில் ஓடும் வண்டிகளின் ஏர் ஃபில்டரைக் கம்பெனி சொன்ன நாளுக்கு முன்பே சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். டிரைவர்களுக்குப் பயிற்சி வேண்டுமென்றால் மத்திய அரசின் பி.சி.ஆர்.ஏ. (பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம்) அமைப்பு நடத்துகிறது.

படி 6: ஓடாத கிலோமீட்டர்

மிச்சத்தில் பெரிய பங்கு இங்கேதான் என்பது என் கருத்து. நம் ஊர்க் குப்பையில் பாதிக்குப் பக்கமாக மக்கும் குப்பை: காய்கறித் தோல், சோறு, வாழை இலை. அதில் பெரும்பங்கு தண்ணீர். பத்து கிலோமீட்டர் தள்ளியுள்ள உரக்கிடங்குக்கு டீசல் எரித்துத் தண்ணீரைச் சுமக்கிறோம். வார்டிலேயே நுண் உரமாக்கும் மையம் ஒழுங்காக நடந்தால் அந்த ட்ரிப்பே வேண்டாம். வரைபடத்தில் வார்டு எல்லையை மறந்துவிட்டு ரூட் போட்டுப் பாருங்கள். ஒரே தெருவின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு வண்டி வருவது தெரியும்.

படி 7: இப்போது பேட்டரி வண்டி

100 கிலோமீட்டர் ஓட ஒரு டீசல் மூன்று சக்கர வண்டிக்கு 5 லிட்டர், பேட்டரி வண்டிக்கு 10 யூனிட் என்று வைப்போம். டீசலில் 13.4 கிலோ வாயு. இந்திய மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ, ஆக 7 கிலோ. பாதியாகிறது, பூஜ்ஜியம் ஆகவில்லை. பணத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது: 460 ரூபாய்க்கு எதிரே, யூனிட் 8 ரூபாய் என்றால், 80 ரூபாய்.

ஆனால் வண்டி வாங்கும்போதே மாற்று பேட்டரிக்கான பணத்தைப் பட்ஜெட்டில் ஒதுக்குங்கள். இதை விட்டதால்தான் பல ஊர்களில் பேட்டரி வண்டிகள் ஷெட்டில் வரிசையாகத் துருப்பிடிக்கின்றன. மழை படாத சார்ஜிங் இடமும், இரவில் சுவிட்ச் போட ஒரு ஆளும் முன்கூட்டியே முடிவாகட்டும்.

எதை முதலில் மாற்றுவது? படி 1-இல் எழுதிய பதிவு ஆண்டைப் பாருங்கள். 15 வருடம் தாண்டிய அரசு, உள்ளாட்சி வண்டிகளின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்க முடியாது. அவை எப்படியும் பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்துக்குப் போகவேண்டியவை. அங்கிருந்து தொடங்குங்கள்.

தொடங்கும் முன் ஒன்று. மீட்டர் சரியானதும் முதல் மாதத்தில் எண்கள் மோசமாகத்தான் வரும். எங்கள் லாரி லிட்டருக்கு 4 காட்டிக்கொண்டிருந்தது, உண்மையில் 2.9. “நீங்க வந்த பிறகு மைலேஜ் குறைஞ்சுபோச்சே” என்று கேட்பார்கள். தணிக்கையும் கேட்கும். அதனால் முதல் வாரமே வண்டிவாரியாக மைலேஜ் சோதனை வைத்து, பழைய எண் ஏன் தவறு என்று அரைப் பக்கக் குறிப்பு எழுதி, ஆணையரின் கையெழுத்தோடு கோப்பில் வைத்துவிடுங்கள். நான் மூன்றாவது மாதம்தான் எழுதினேன். அதற்குள் எனக்கு இரண்டு மெமோ வந்துவிட்டது.