மாற்றுச் சிறுநீரகமும் பி.கே. வைரஸும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டவர்களுக்கு, மாத்திரையை மறக்காதீர்கள், கூட்டத்தில் மாஸ்க் போடுங்கள் என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் அன்றே சொல்லிவிடுவோம். பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று ஊர் திரும்புகிறவர்கள் அதில் தவறுவது குறைவு. சறுக்குவது வேறு இடத்தில்.

"உடம்பு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு டெஸ்ட் சிஸ்டர்?"

இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு இன்னும் கோபம் வருகிறது. பி.கே. வைரஸ் பெரும்பாலானவர்களுக்குச் சிறுவயதிலேயே தொற்றி, சிறுநீரகத்தில் அடங்கிக் கிடப்பது. தானமாக வந்த சிறுநீரகத்தோடும் வரும். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளைச் சாப்பிடும்போது அது தலைதூக்குகிறது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, சிறுநீரும் வழக்கம்போலப் போகும். சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறித் தெரியும்போது சிறுநீரகம் ஏற்கெனவே கெட ஆரம்பித்திருக்கும். அதனால்தான் முதல் 9 மாதம் மாதந்தோறும், அப்புறம் 2 வருடம் முடியும்வரை 3 மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று காட்டும் பி.சி.ஆர். டெஸ்ட் பார்க்கச் சொல்கிறோம்.

பாம்பன் பக்கத்துப் படகுக்காரர் ஒருவர். ஜூன் 14-ல் தடைக்காலம் முடிந்ததும் தொழில் சூடுபிடித்துவிட்டது. மதுரைக்குப் போய்வந்தால் ஒரு நாள் பிழைப்பு போகுமே என்று டெஸ்ட்டைத் தள்ளிக்கொண்டே போனார். கிரியாட்டினின் ஏறியதும் உள்ளூரில் காட்டியிருக்கிறார். 'உடம்பு கிட்னியை ஏத்துக்கலை' என்று வைரஸைப் பார்க்காமலே, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டெராய்டு ஊசி போட்டுவிட்டார்கள். அப்படி உடம்பு ஏற்காத நிராகரிப்பு என்றால் எதிர்ப்புச் சக்தியை அடக்க வேண்டும், பி.கே. என்றால் அந்த அடக்குதலைத் தளர்த்த வேண்டும். இரண்டிலும் கிரியாட்டினின் ஒரே மாதிரிதான் ஏறும், பி.சி.ஆரும், சிறுநீரகத்தில் சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சியும் இல்லாமல் பிரித்துச் சொல்ல முடியாது. எங்களிடம் வந்தபோது பயாப்சியில் வைரஸ். அவர் மறுபடி டயாலிசிஸில் இருக்கிறார். அவர் மனைவி கொடுத்த சிறுநீரகம் அது. வைரஸைக் கொல்ல நிரூபணமான மருந்து இன்னும் கிடையாது. வைரஸைச் சீக்கிரம் கண்டுபிடித்து, டாக்டர் மாத்திரை அளவைக் குறைப்பதுதான் கையில் இருக்கும் வழி.

வைரஸ் என்றதும் மாத்திரையைத் தானே குறைப்பது

வேண்டவே வேண்டாம். நிராகரிப்பு வந்துவிடும்.

மாத்திரை போட்டுவிட்டு ரத்தம் கொடுப்பது

விடியற்காலை ராமேஸ்வரத்தில் பஸ் ஏறும்போதே, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரையான டாக்ரோலிமஸைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு பொய்யாக அதிகமாகத் தெரியும். முந்தின இரவு மாத்திரைக்குச் சுமார் 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுங்கள், பிறகு காலை மாத்திரை.

வயிற்றுப்போக்குக்குக் கடையில் மருந்து

சி.எம்.வி. என்ற இன்னொரு வைரஸாக இருக்கலாம். வயிற்றுப்போக்கில் டாக்ரோலிமஸ் அளவும் ஏறிவிடும். அன்றைக்கே போன் செய்யுங்கள்.