சிபில் அறிக்கையில் தப்பான பதிவு இருந்தால் எப்படித் திருத்துவது?

கடனைக் கட்டி முடித்திருப்பீர்கள், ஆனால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அது இன்னும் பாக்கி என்றே நிற்கும். ஸ்கோரை மட்டும் பார்த்துப் பதறாமல் முழு அறிக்கையை எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களுமே ஆண்டுக்கு ஒரு முறை அதை இலவசமாகத் தந்தாக வேண்டும். ஒன்றில் இருக்கும் பிழை மற்றதிலும் இருக்கலாம், நான்கையும் பாருங்கள்.

நீங்கள் வாங்காத கடன், தாமதம் என்று காட்டும் மாதங்கள், அப்புறம் ‘செட்டில்டு’ என்ற சொல், இவைதான் முக்கியம். முழுத்தொகையும் கட்டியவருக்கு ‘குளோஸ்டு’ என்றுதான் வர வேண்டும். பேசிக் குறைத்துக் கட்டியிருந்தால் செட்டில்டு என்பது சரியான பதிவுதான், மறுத்து எழுதிப் பயனில்லை. மீதியைக் கட்டிவிட்டு மாற்றச் சொல்லி வங்கியிடம் கேட்கலாம்.

பிழை என்றால் அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே இலவசமாகப் புகார் பதியலாம். ஆனால் சிபில் தானாக எதையும் திருத்தாது, கடன் கொடுத்தவர் ஒப்புக்கொண்டால்தான் மாறும். அதனால் அதே நாளில் வங்கிக்கும் என்ஓசி (கடன் பாக்கி இல்லை என்ற சான்று), கணக்கு ஸ்டேட்மென்ட் எல்லாம் இணைத்து மெயில் அனுப்பி, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். போனில் சொன்னால் போதாது.

30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு வர வேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதி இது, தயங்காமல் கேளுங்கள். அப்போதும் அசையவில்லையா, ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பு அதிகாரி) ஆன்லைனில் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. காசு கொடுத்தால் ஸ்கோரை ஏற்றித் தருகிறேன் என்கிற ஏஜென்ட்டிடம் மட்டும் தயவுசெய்து போகாதீர்கள்.