முப்பது பேருக்கு ஒரு கச்சேரி வைப்பது எப்படி

நான் வியோலா வாசிப்பவன். வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வாத்தியம். கச்சேரி முடிந்ததும் வந்து "உங்க வயலின் பிரமாதம்" என்பார்கள். திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன். 9 வருஷமாக வீட்டுக் கூடங்களிலும் நூலகங்களிலும் ஓவியக் காட்சிக்கூடங்களிலும் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் (இரண்டு வயலின், ஒரு வியோலா, காலிடுக்கில் வைத்து வாசிக்கும் செல்லோ ஒன்று) கச்சேரிகள் வைத்து வருகிறேன். முதல் கச்சேரி சொதப்பல். மேடை மாதிரி ஒன்று போட்டு, விளக்கை அணைத்து, வாசிப்பதற்கு முன்னால் 15 நிமிஷம் இசை வரலாறு பேசினேன். நான் பேசி முடிப்பதற்குள் நாலு வாத்தியமும் சுருதி கலைந்துவிட்டது. வந்தவர்கள் மரியாதையாகக் கைதட்டிவிட்டுக் கிளம்பினார்கள். யாரும் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கச்சேரியில் புதுமை செய்ய வேண்டும் என்றதும் பலர் முதலில் கைவைப்பது இசையில்தான். சினிமாப் பாட்டை நாலு தந்தி வாத்தியத்துக்கு எழுதி வாசிப்பார்கள். முழு உருப்படியை வெட்டி, பிரபலமான மெட்டை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். நானும் செய்து பார்த்தேன். அன்றைக்குக் கூட்டம் சேர்ந்தது. அடுத்த முறை ஹைடன் (18-ஆம் நூற்றாண்டு ஆஸ்திரிய இசையமைப்பாளர்) என்றதும் பாதிப் பேர் வரவில்லை. உருப்படியைத் தொடாதீர்கள். நடுவில் கைதட்டக் கூடாது என்பது போல அதைச் சுற்றியிருக்கும் கெடுபிடியைத் தளர்த்தினால் போதும்.

அந்தக் கெடுபிடி ஆதிகாலத்து வழக்கமும் இல்லை. 1778-ல் பாரிஸில் தன் புது சிம்பொனி அரங்கேறியதைப் பற்றி மொஸார்ட் தன் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். முதல் பகுதியில் ஓர் இடம் நிச்சயம் எடுபடும் என்று தெரிந்தேதான் எழுதியிருந்தாராம். அந்த இடம் வந்ததும் கூட்டம் கைதட்டியது, மனிதருக்கு ஒரே சந்தோஷம். 1820-களில் வியன்னாவில் இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் பாட்டுகளை நண்பர்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடிக் கேட்டார்கள். பாட்டோடு பேச்சு, நடனம் எல்லாம் உண்டு. வரவேற்கும்போது இதில் ஏதாவது ஒன்றை ஒரே நிமிஷத்தில் சொல்லிவிடுவேன். எங்கே கைதட்டுவதென்று தெரியாமல் விறைத்து உட்கார்ந்திருப்பவர்கள் அதற்குப் பிறகுதான் நாற்காலியில் சாய்வார்கள்.

இனி நாற்காலி. பாதிக் கச்சேரி இதிலேயே தீர்மானமாகிவிடுகிறது. வாசிப்பவர்களை அறையின் நடுவில் உட்கார வையுங்கள், மேடை வேண்டாம். நாலு பேர் வில் வீச 3 மீட்டருக்கு 3 மீட்டர் இடம் இருந்தால் தாராளம். சுற்றி இரண்டு வட்டமாக நாற்காலி. முதல் வட்டத்துக்கும் எங்களுக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கிற அளவு இடைவெளி. வழக்கமான மேடையில் வியோலாக்காரன் வலது ஓரத்தில் உட்கார்ந்தால், வாத்தியத்தின் ஒலி வெளிவரும் 'f' வடிவத் துளைகள் கேட்பவர்களுக்கு முதுகு காட்டிப் பின்சுவரைப் பார்க்கும். வட்டத்தில் அந்தச் சுவர் இருந்த இடத்திலும் பத்துப் பேர் இருப்பார்கள். (இந்த ஏற்பாட்டை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு என் சொந்த நலனும் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன்.) முதல் வயலின்காரர் வாசிக்கத் தொடங்குவதற்கு முன் மூக்கால் சுருக்கென்று ஒரு மூச்சு இழுப்பார். அதுதான் மற்ற மூவருக்கும் சைகை. இரண்டடி தூரத்தில் அதைக் கேட்ட ஒருவர் அடுத்த இடத்திலும் அதற்காகக் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். 30 பேருக்கு மேல் கூப்பிடாதீர்கள். மூன்றாவது வட்டம் போட்டால் பின்னால் இருப்பவர்களுக்குத் தலைகள்தான் தெரியும்.

சில்லறை விஷயங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். வாசிப்பவர்களுக்குக் கைப்பிடி இல்லாத நாற்காலி. செல்லோவின் கீழ்முனை வழுக்காமல் இருக்க ஒரு கம்பளத் துண்டு. அறை முழுக்கக் கம்பளமும் கனத்த திரைச்சீலையும் இருந்தால் வேறு அறை பாருங்கள், ஒலியை விழுங்கிவிடும். மைக் வேண்டாம். வாத்தியங்களை அரை மணி முன்பே உள்ளே கொண்டுவந்து அறையின் வெப்பத்துக்குப் பழக விடுங்கள். மின்விசிறி ஓடினால் இசைத்தாள் ஸ்டாண்டுக்கு இரண்டு துணி கிளிப்.

கிளிப் விஷயம் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு மெதுவான பகுதியின் நடுவில் இரண்டாவது வயலினின் தாள் பறந்து செல்லோவுக்கு அடியில் போய் விழுந்தது. முன்வட்டத்தில் இருந்த ஒரு பெண்மணி குனிந்து எடுத்து, அந்தப் பகுதி முடியும்வரை ஸ்டாண்டு மேல் தன் கையாலேயே அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று இடைவேளையில் அறையே கலகலவென்று இருந்தது. எல்லோருக்கும் பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. அதற்காகத் தாளைப் பறக்கவிடச் சொல்லவில்லை. பேச ஒரு காரணத்தை நாமே கொடுக்கலாம்.

நான் கொடுப்பது ஹைடனின் ஓபஸ் (படைப்பு வரிசை எண்) 76, மூன்றாவது குவார்ட்டெட். 'எம்பரர்' என்பார்கள். இரண்டாம் பகுதியின் மெட்டு இன்று ஜெர்மனியின் தேசிய கீதம். ஹைடன் அதை 1797-ல் வியன்னாவில் இருந்த பேரரசர் இரண்டாம் பிரான்ஸுக்காகப் போட்டார். அந்த மெட்டு கொஞ்சமும் மாறாமல் நாலு வேரியேஷனில் (மெட்டைச் சுற்றியிருப்பது மட்டும் மாறும் சுற்றுகள்) ஆள் மாறி ஆள் போகும்: இரண்டாவது வயலின், செல்லோ, வியோலா, கடைசியில் முதல் வயலின். வாசிப்பதற்கு முன் முதல் இரண்டு வரியை மட்டும் வாசித்துக் காட்டி, "இது இப்போது கைமாறிக்கொண்டே போகும், யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்" என்று சொல்லி நிறுத்திவிடுவேன். மொத்தம் இரண்டு நிமிஷப் பேச்சு, வாத்தியம் கையில். பிறந்த வருஷம், இறந்த வருஷம் எதுவும் கிடையாது. மெட்டு நகர நகரத் தலைகளும் திரும்பும், டென்னிஸ் ஆட்டம் மாதிரி. முதல் வேரியேஷனில் முதல் வயலின் மெட்டைச் சுற்றி வேறு சுரங்களை வேகமாக வாசிப்பதால் பாதிப் பேர் ஏமாந்து அவரையே பார்ப்பார்கள். இடைவேளையில் அதுதான் வாக்குவாதம்.

இடைவேளை 25 நிமிஷம், குறைக்காதீர்கள். இரண்டு பக்கமும் அரை மணி இசை. வாசிப்பவர்கள் உள்ளறைக்குள் மறையக் கூடாது. ஆளுக்கொரு மூலையில், வாத்தியத்தோடு நிற்க வேண்டும். "சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வில்லில் ரோஸின் (தந்தியைப் பற்றிக்கொள்ளப் பூசும் பிசின்) தேய்த்துக்கொண்டிருந்தால் தானாக வந்து "இது என்ன?" என்பார்கள். குடிக்கக் கொடுப்பதெல்லாம் இந்த நேரத்தில் மட்டும், காகிதக் கோப்பையில்.

போனுக்கு ஓர் உருப்படியை ஒதுக்கிவிடுங்கள்: அதில் எவ்வளவு வேண்டுமானாலும் படம் எடுக்கலாம், மற்றதில் கூடாது. பணம் பற்றி ஒரே வார்த்தை: வாசிப்பவர்களுக்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே பேசி, அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். உண்டியல் நிறைந்ததா இல்லையா என்பது உங்கள் கவலை.

கடைசி உருப்படிக்கு என் தேர்வு எப்போதும் ஹைடனின் ஓபஸ் 33, இரண்டாவது. 1781-ல் எழுதியது, 'ஜோக்' என்று பெயர். முடிவில் மெட்டைத் துண்டு துண்டாக நறுக்கி நடுநடுவே மௌனம் வைத்திருப்பார். முடிந்தது என்று யாராவது கைதட்டுவார்கள், நாங்கள் தொடருவோம். பிறகு ஒரு நீண்ட மௌனம். இந்தத் தடவை நிச்சயம் முடிந்தது என்று எல்லோரும் கைதட்டும்போது, முதல் வரி மறுபடி மெல்லமாக வரும். அதோடு சரி. இப்போது உண்மையிலேயே முடிந்திருக்கும், ஆனால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பும். நன்றியுரையை இதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.