தனிமமா, சேர்மமா, கலவையா: ஒரு பொருளைக் கண்டறியும் முறை

ஒரே வகை அணுக்களால் ஆனது தனிமம்; வெவ்வேறு தனிமங்களின் அணுக்கள் நிலையான விகிதத்தில் இணைந்தது சேர்மம்; வேதிமுறையில் இணையாமல் பொருள்கள் ஒன்றாகக் கலந்திருப்பது கலவை. ஒரு பொருளைக் கொடுத்து அது தனிமமா, சேர்மமா, கலவையா என்று கேட்டால், பெரும்பாலானோர் முதலில் அதன் தோற்றத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் தோற்றம் இங்கே அவ்வளவாக உதவாது. பித்தளையை எந்த இடத்தில் வெட்டிப் பார்த்தாலும் ஒரே மஞ்சள் நிறமும் ஒரே பளபளப்பும்தான் தெரியும். ஆயினும் அது செம்பும் துத்தநாகமும் சேர்த்து உருக்கப்பட்ட கலவை. வைரமும் கிராஃபைட்டும் ஒன்றையொன்று சற்றும் ஒத்திராதவை. ஆயினும் இரண்டும் கார்பன் என்ற ஒரே தனிமம். எனவே கண்ணை நம்பாமல், சில கேள்விகளை வரிசையாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

வேதிவினை எதுவும் நிகழாமல் இந்தப் பொருளைப் பிரிக்க முடிகிறதா என்பதே முதல் கேள்வி. காந்தம், வடிதாள், ஆவியாக்கல், காய்ச்சி வடித்தல், வண்ணப்பிரிகை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றினால் அது இரண்டாகப் பிரிந்துவிட்டால் அது கலவை. அதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை. ஒரு வழி பலிக்கவில்லை என்பதால் மற்ற வழிகளும் பலிக்காது என்று எண்ணிவிடக் கூடாது. உப்புக் கரைசலை எத்தனை முறை வடிகட்டினாலும் உப்பு தாளில் தங்காது, ஏனெனில் கரைந்த உப்பின் அயனிகள் (மின்னூட்டம் கொண்ட துகள்கள்) தாளின் துளைகளைவிட மிக மிகச் சிறியவை. ஆனால் அதே கரைசலை ஒரு தட்டில் ஊற்றி நீரை ஆவியாகவிட்டால் உப்பு படிகங்களாகத் தங்கிவிடும்.

வண்ணப்பிரிகையை எவரும் எளிதாகச் செய்து பார்க்கலாம். வடிதாளை நீளமான பட்டையாக வெட்டி, அடியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில், நீரில் கரையக்கூடிய கறுப்பு மையால் சிறு புள்ளி வைத்து உலரவிட வேண்டும். பிறகு ஒரு குவளையில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் ஊற்றி, பட்டையின் அடிநுனி மட்டும் நனையுமாறு தொங்கவிட வேண்டும். புள்ளி நீரில் மூழ்கினால் மை குவளையிலேயே கரைந்துபோய்விடும்; பலர் தவறுவது இங்கேதான். தாளில் நீர் ஏற ஏற மையும் உடன் ஏறும். பெரும்பாலான கறுப்பு மைகளில் நீலம், சிவப்பு, மஞ்சள் போன்ற நிறங்கள் வெவ்வேறு உயரங்களில் தனித்தனியாக நின்றுவிடும். ஒரே பொருள் போலத் தோன்றிய மை பல சாயங்களின் கலவை என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடுகிறது.

இரண்டாவதாக, கொதிநிலையோ உருகுநிலையோ நிலையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தூய நீர் ஒரு வளிமண்டல அழுத்தத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கத் தொடங்கி, கடைசித் துளி வரை அதே வெப்பநிலையில் நிற்கும். உப்புநீரோ அதைவிடச் சற்று உயர்ந்த வெப்பநிலையில் கொதிக்கத் தொடங்கும். நீர் குறைந்து கரைசலின் செறிவு கூடக் கூட அந்த வெப்பநிலையும் ஏறிக்கொண்டே போகும். இந்தச் சோதனையை மட்டும் வைத்து முடிவுசெய்யக் கூடாது, ஏனெனில் நிறையில் 95.6 சதவீதம் எத்தனாலும் மீதி நீரும் கொண்ட கலவை, தூய பொருளைப் போலவே 78.2 டிகிரியில் மாறாமல் கொதிக்கும்.

மூன்றாவது கேள்வி விகிதத்தைப் பற்றியது: பகுதிப்பொருள்கள் எந்த விகிதத்திலும் சேரலாமா (கலவை), ஒரு நிலையான விகிதத்தில்தான் சேருமா (சேர்மம்)? என் கருத்தில் இதுவே மூன்றிலும் முக்கியமானது. இரும்புத்தூளையும் கந்தகத்தூளையும் எந்த அளவில் வேண்டுமானாலும் கலக்கலாம். உருப்பெருக்கியால் பார்த்தால் மஞ்சள் துகள்களும் சாம்பல் துகள்களும் தனித்தனியாகத் தெரியும். தாளில் சுற்றிய காந்தத்தை அருகே கொண்டுபோனால் இரும்பு மட்டும் ஒட்டிக்கொள்ளும். (காந்தத்தைத் தாளில் சுற்றாவிட்டால் துகள்களைத் துடைத்தெடுப்பதற்குள் பொறுமை போய்விடும்.) இதே கலவையைச் சூடாக்கும்போது ஓரிடத்தில் செந்தணல் தோன்றி, சுடரை அகற்றிய பின்னும் தானாகவே பரவும். கிடைக்கும் கருநிற இரும்பு சல்பைடு காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் வினைபுரியாத இரும்பு மீந்திருக்கிறது என்று பொருள். 7 கிராம் இரும்புக்கு 4 கிராம் கந்தகம் என்பதே இங்குள்ள கணக்கு. 10 கிராம் இரும்பை இட்டாலும் 4 கிராம் கந்தகம் 7 கிராமுடன் மட்டுமே சேரும். 3 கிராம் அப்படியே நின்றுவிடும். இரும்பு அணுவின் நிறை ஏறத்தாழ 56, கந்தக அணுவின் நிறை 32. ஒன்றுக்கு ஒன்று என அணுக்கள் இணைவதால்தான் இந்த விகிதம் வருகிறது. இச்சோதனையில் நச்சுவாயு வெளிப்படக்கூடும் என்பதால், ஆய்வகத்தில் ஆசிரியரின் மேற்பார்வையில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

பொருள் தூயது, அதாவது கலவை அல்ல, என்று உறுதியான பின், அதை எளிய பொருள்களாகச் சிதைக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். 1800-இல் நிக்கல்சன், கார்லைல் என்ற இரு ஆங்கிலேயர்கள் நீரில் மின்சாரத்தைச் செலுத்தி, ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிரித்தெடுத்தார்கள். ஆகவே நீர் சேர்மம். ஆனால் சிதைக்க முடியவில்லை என்பதனாலேயே ஒரு பொருள் தனிமமாகிவிடாது. பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே 1789-இல் வெளியிட்ட தனிமப் பட்டியலில் சுண்ணாம்பும் இருந்தது. 1808-இல் ஆங்கிலேய வேதியியலாளர் டேவி மின்சாரத்தின் துணையுடன் அதிலிருந்து கால்சியத்தைப் பிரித்த பிறகே அது சேர்மம் என்பது உறுதியாயிற்று. இன்று அணுக்கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையே தனிமத்தைத் தீர்மானிக்கிறது. 118 தனிமங்கள் பெயரிடப்பட்டுள்ளன. இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் இணைந்த மூலக்கூறைச் சேர்மம் என்று எழுதுவது தேர்வுத்தாள்களில் அடிக்கடி காணும் பிழை. வெவ்வேறு தனிமங்களின் அணுக்கள் இணைந்தால் மட்டுமே அது சேர்மம்.

தூய்மையை எவ்வளவு நுட்பமாகச் சோதிக்க வேண்டும் என்பதற்குக் காற்றே சான்று. காற்றிலிருந்து ஆக்சிஜன் முதலியவற்றை நீக்கிப் பெற்ற நைட்ரஜன் லிட்டருக்கு ஏறத்தாழ 1.257 கிராம் எடையிருப்பதையும், அம்மோனியா போன்ற சேர்மங்களிலிருந்து பெற்ற நைட்ரஜன் 1.251 கிராமே இருப்பதையும் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு கண்டார். அரை சதவீத வேறுபாடுதான். அதை அளவீட்டுப் பிழை என்று அவர் ஒதுக்கிவிடவில்லை. 1894-இல் அவரும் வேதியியலாளர் ராம்சேயும் சேர்ந்து, அந்த நைட்ரஜனுக்குள் கலந்திருந்த ஆர்கான் என்ற புதிய தனிமத்தைப் பிரித்துக் காட்டினார்கள்.